பொலேரோ பிக்கப்புக்குப் பழைய கார் எஞ்சின் மாற்றினேன்: செலவும் அலைச்சலும்

பிக்கப் வண்டிக்கு எஞ்சின் போய்விட்டால் எல்லோரும் முதலில் விசாரிப்பது பழைய எஞ்சின் என்ன விலை என்பதைத்தான். நானும் அதைத்தான் விசாரித்தேன். எனக்கு யோசனை சொன்னவர்களும் அதைப் பற்றித்தான் சொன்னார்கள். அறுபதுக்குக் கிடைக்கும், எழுபதுக்குக் கிடைக்கும், ரெண்டு நாளில் தூக்கி மாட்டிவிடலாம் என்றார்கள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 1,24,000 ரூபாய் சொச்சம் போயிருந்தது. அதுபோக ஆவணி முகூர்த்தம் முழுக்க வாடகை வண்டி ஓட்டியதில் 38,000. எஞ்சினுக்காகக் கொடுத்தது இதில் 65,000தான். மிச்சம் எல்லாம் எதற்குப் போனது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி திட்டம் போட்டிருப்பேன்.

உசிலம்பட்டிப் பக்கம் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். வண்டி 2010 மாடல் பொலேரோ பிக்கப், 2523 சிசி டிஐ எஞ்சின், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் பம்ப்பே டீசலை அடிக்கும் பம்ப் வண்டி. ஆடி மாசம் தேனிப் பக்கம் ஒரு சாமி கும்பிடுக்கு அண்டா, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. டிரைவர் தம்பிக்குத் தெரியவில்லை. டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை என்று சத்தியம் பண்ணினான். அவன் சொன்னது உண்மைதான். அந்த சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும், தண்ணீரே இல்லாவிட்டால் முள் சமர்த்தாகக் கீழேயே உட்கார்ந்திருக்கும். முதலில் இழுவை குறைந்திருக்கிறது. அப்புறம் டங் டங் என்று சத்தம். கடைசியில் ஒரே அடி. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட், எஞ்சினின் உடம்பான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. போய்க் குனிந்து பார்த்தால் பக்கவாட்டில் முஷ்டி அளவுக்கு ஓட்டை, அதற்குள்ளே முறுக்கிக்கொண்டு நிற்கும் ராட், ரோடு முழுக்கக் கருப்பாக ஆயில்.

பிளாக் உடைந்ததுதான் என் தலைவிதியை மாற்றியது. எஞ்சின் வேலை என்றால் ரீபோர், புது லைனர் பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை என்று ஒரு லட்சத்தைத் தொட்டாலும் பிளாக் நம்முடையதாகவே இருக்கும். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில்தான். நம்பர் மாறாதவரை ஆர்.சி. புக்கை யாரும் தொட வேண்டியதில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. அதனால் உங்கள் எஞ்சின் ஜாம் ஆகி நின்றிருந்தாலும் பிளாக்கில் விரிசலோ ஓட்டையோ இல்லை என்றால், பழைய எஞ்சின் மலிவு என்று யார் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள். லேத்துக்காரர் கேட்கும் பணத்தைக் கொடுத்து உங்கள் எஞ்சினையே எடுத்துக்கட்டுங்கள். எனக்கு அந்த வழி அடைபட்டிருந்தது, அதனால்தான் தேட வேண்டி வந்தது.

தேடும்போது எந்த எஞ்சின் என்பதில் தெளிவு வேண்டும். பொலேரோ என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்றல்ல. ஆரம்ப காலப் பொலேரோவில் பியூஜோ எஞ்சின் வந்தது, அப்புறம் டிஐ, அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வைத்து ஓடும் சிஆர்டிஐ. நான்கு சக்கரமும் நசுங்கிக் கிடந்த ஒரு வண்டியைக் காட்டி, இது புதுசுண்ணே, பவர் அதிகம், இதையே போட்டுக்கங்க என்று ஒருவர் ஆசை காட்டினார். அது சிஆர்டிஐ. அதைப் போட வேண்டுமானால் எஞ்சினோடு இசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டி, முழு வயரிங், சென்சார் வைத்த ஆக்சிலேட்டர் பெடல், அந்தக் காரின் சாவி வரைக்கும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அப்படியே ஆனாலும் ஆர்.சி.யில் இருக்கும் வகை மாறிவிடும், அனுமதி கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 2019ல் உச்ச நீதிமன்றம், வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக யாரும் மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்ன பிறகு எல்லா ஊரிலும் கெடுபிடி அதிகம். அதே கம்பெனி, அதே வகை, அதே எரிபொருள். இதைத் தாண்டாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி.

கடைசியில் மதுரைக்கு வெளியே ஒரு பழைய சாமான் யார்டில் கிடைத்தது. வெள்ளை போர்டு பொலேரோ, டிஐ எஞ்சின், லாரியில் மோதி முன்பக்கம் பாதி இல்லை. இனி சரிசெய்து பயனில்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் போட்டுவிட்ட வண்டி. எஞ்சினை ஏற்கனவே இறக்கி டயர் மேல் வைத்திருந்தார்கள். போனவுடன் பேட்டரி மாட்டி, பாட்டிலில் டீசல் தொங்கவிட்டு, செல்ஃப் அடித்தார்கள். உடனே பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. பார்த்தீங்களாண்ணே, கடிகாரம் மாதிரி ஓடுது என்றார் யார்டுக்காரர். என்னோடு வந்த மெக்கானிக் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் செல்ஃப் அடிப்பதற்கு முன்னாலேயே போகிற போக்கில் பிளாக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறான். வெளியே டீ குடிக்கும்போதுதான் சொன்னான், "அண்ணே, பிளாக் சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில சொல்லாம வருவோம்."

மறுநாள் விடிந்ததும் போய் நின்றோம். பிளாக் சில்லென்று இருந்தது. அன்றைக்குச் செல்ஃப் கொஞ்சம் இழுத்துத்தான் பிடித்தது, வெள்ளைப் புகை வந்தது, ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. அது பரவாயில்லை என்றான். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, முறுக்கும்போது கருப்பாகக் கக்கினால் டீசல் பம்ப்பிலோ, டீசலைத் தெளிக்கும் நாசிலிலோ வேலை இருக்கிறது. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னான். லேசான காற்றுதான் வந்தது. அங்கே குப் குப் என்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம், அந்த எஞ்சினைப் பிரிக்காமல் மாட்ட முடியாது. மூடியின் உள்பக்கத்தையும் டிப் ஸ்டிக்கையும் பார்க்க வேண்டும். பால் ஊற்றின காப்பி மாதிரி ஆயில் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிறுத்திவிட்டு கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரும் பார்த்தோம். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வால்வோ ரிங்கோ கேஸ்கெட்டோ ஏதோ ஒன்று அங்கே காத்திருக்கிறது. கடைசியாக ஆயிலை வடித்துவிட்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னோம். யார்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கழற்றினால்தான் அட்வான்ஸ் என்று நின்றதும் கழற்றினார். அடியில் மினுமினுப்பாக உலோகத் தூள் எதுவும் இல்லை. இதற்கெல்லாம் அரை நாள் ஆகும், விற்கிறவர் சலித்துக்கொள்வார், கூட வந்தவர்களும் சலித்துக்கொள்வார்கள். ஆகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

விலை 65,000 என்று முடிந்தது. இங்கேதான் கதை ஆரம்பம். பில் கேட்டேன். எஞ்சினைத் தூக்கிட்டுப் போங்கண்ணே, பேப்பர் ஒரு வாரத்துல வரும் என்றார். நான் அதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்திருந்தேன். அங்கே சொன்னது, மாற்றுவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பத்தோடு எஞ்சின் வாங்கிய பில்லும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் வேண்டும் என்று. பில் இல்லாமல் அனுமதி இல்லை, எஞ்சினை எடுக்காமல் பில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் ஆவணி மாசம் போனது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியில் எதையும் மாற்றக் கூடாது. அனுமதியோடு மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதேபோல டோட்டல் லாஸ் ஆன காரின் உரிமையாளர், பிரிவு 55ன்படி அதைத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். நடைமுறையில் இந்த இரண்டாவது காரியத்தைப் பல பேர் செய்வதே இல்லை. ஏலத்தில் எடுத்தவர், அவரிடம் வாங்கியவர், அவரிடம் வாங்கிய யார்டு என்று கைமாறிக் கைமாறி, காகிதத்தில் அந்தக் கார் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காரின் எஞ்சின் நம்பரை உங்கள் வண்டியில் ஏற்றச் சொன்னால் எப்படி ஏற்றுவார்கள்? அதனால் யார்டில் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால், பதிவு ரத்தான காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, வரும் என்றால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

நான் செய்ததில் எனக்குத் திருப்தியான ஒரே காரியம், 50,000 மட்டும் கொடுத்து 15,000 பாக்கி வைத்தது. பேப்பர் கைக்கு வந்தால் பாக்கி என்று அட்வான்ஸ் சீட்டிலேயே எழுதி, எஞ்சின் நம்பரையும் அதில் எழுதி வாங்கிக்கொண்டேன். நம்பரைக் கண்ணால் பார்த்து எழுதியதோடு விடாமல், மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்தோம். தேய்த்துத் திரும்ப அடித்த நம்பராக இருந்தால் எழுத்துகள் ஏறி இறங்கி இருக்கும், சுற்றியுள்ள உலோகம் மட்டும் வழவழப்பாக இருக்கும். பென்சில் அச்சில் அது தெளிவாகத் தெரிந்துவிடும். அப்புறம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் காரின் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் போட்டுப் பார்த்தோம். திருட்டு வண்டி என்று பதிவாகியிருந்தால் அதில் காட்டும். காசு கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பழைய எஞ்சின் வாங்குகிறவர்களின் தைரியத்தைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேப்பருக்காகக் காத்திருந்த நாட்களில் இன்னொரு ஆலோசனையும் வந்தது. "எதுக்குண்ணே அலையுறீங்க, ரெண்டு பிளாக்கும் ஒரே மாதிரிதான, இதைத் தேச்சுட்டு உங்க பழைய நம்பரை அடிச்சிரலாம். ஐந்நூறு ரூபா வேலை. பிரேக் இன்ஸ்பெக்டரு என்ன பூதக்கண்ணாடியா வச்சுப் பார்க்கப் போறாரு?" சொன்னவர் நல்ல மனுஷர்தான், என் அவஸ்தையைப் பார்த்துச் சொன்னார். ஒரு கல்யாண ஆர்டர் கைநழுவிப் போன அன்றைக்கு அந்த யோசனை ராத்திரி வரைக்கும் மண்டைக்குள் ஓடியது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நம்பரைத் திருத்திய வண்டி என்று ஒருமுறை பெயர் வாங்கினால் போலீஸ், வழக்கு, வண்டி பறிமுதல் என்று போகும். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். வருஷா வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போய் நிற்க என்னால் ஆகாது.

பாக்கிப் பணம்தான் கடைசியில் வேலை செய்தது. யார்டுக்காரர் தனக்கு விற்றவரைப் பிடித்து, அவர் காரின் பழைய உரிமையாளரைப் பிடித்து, ரத்து செய்த காகிதமும் பில்லும் வந்து சேர்ந்தபோது ஆவணி முடியப்போகிறது. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்திருந்தால் அவர் இன்றைக்கும் ஒரு வாரத்துல வரும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் வண்டிக்கு ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வாங்க வேண்டும். எனக்குக் கடன் முடிந்து, ஆர்.சி.யில் இருந்த ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்கியிருந்ததால் அந்த அலைச்சல் மிச்சமானது.

அனுமதி வந்த பிறகு பட்டறை வேலை. கார் எஞ்சின் பிக்கப்பில் அப்படியே உட்காரும் என்று சொன்னவர்கள் யாரும் அதை மாட்டிப் பார்த்தவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். வந்த எஞ்சினில் ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்ப் இரண்டுக்கும் பிராக்கெட், புல்லி எல்லாம் இருந்தது. என் வண்டியில் இரண்டுமே கிடையாது. அதைக் கழற்றிவிட்டு என் பழைய எஞ்சினின் புல்லி, மவுண்டிங் பிராக்கெட் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. ஃபிளைவீலும் கிளட்ச்சும் என் கியர் பாக்ஸுக்குப் பொருந்துவதாகப் பழையதிலிருந்தே எடுத்து, முகத்தை லேத்தில் சீவிப் போட்டோம். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் வேக்கம் பம்ப்பை மறந்துவிடக் கூடாது, பிரேக் பூஸ்டருக்குக் காற்று இழுப்பது அதுதான். அதில் ஆயில் பைப் சரியாக மாட்டாவிட்டால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி நிற்கும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன், புது எஞ்சின் ஓடி, எஃப்.சி. முடிகிறவரை பழைய எஞ்சினிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட எடைக்குப் போடாதீர்கள். பட்டறைப் பையன்கள் இடத்தை அடைக்குது என்று நச்சரிப்பார்கள். உடைந்த பிளாக்கும் கிடக்கட்டும். பழைய எஞ்சின் எங்கே என்று ஆபீசில் என்னைக் கேட்டார்கள். போட்டோ எடுத்துக் காட்ட முடிந்தது.

எஞ்சின் வெளியே தொங்கும்போது செய்கிற வேலைக்கும் உள்ளே போன பிறகு செய்கிற வேலைக்கும் கூலியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் பெல்ட்டும், எஞ்சின் மவுண்ட் ரப்பர். நன்றாகத்தான இருக்கு என்று ஒரு பொருளை விட்டால், அதற்காகவே திரும்ப எஞ்சினை இறக்க வேண்டி வரும். இந்தச் சாமான்களுக்கு மட்டும் 20,000 வரை ஆனது. டீசல் பம்ப்பும் நாசிலும் சர்வீஸ் கொடுத்ததில் 11,000. இறக்கி ஏற்றும் கூலி 14,000.

எல்லாவற்றையும்விட முக்கியமான செலவு வெறும் 3,500தான். ரேடியேட்டரைப் பிரித்ததில் பாதிக் குழாய்களுக்கு மேல் சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் பாத்திரத்தில் கொதிக்க வைத்தாலே வெள்ளையாகப் படியும். வருஷக்கணக்கில் அதைத்தான் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறோம். ஹோஸ் வெடித்தது தற்செயல் இல்லை. தண்ணீர் போக வழியில்லாமல் சூடு ஏறி ஏறி ரப்பர் வெந்து போயிருந்தது. அதே ரேடியேட்டரை அப்படியே மாட்டியிருந்தால் இந்த எஞ்சினும் அதே கணவாயில்தான் போயிருக்கும். எஞ்சின் ஏன் செத்தது என்று தெரியாமல் அடுத்த எஞ்சினை உள்ளே இறக்கவே கூடாது. இப்போது கூலண்ட் மட்டும்தான். வண்டியில் ஒரு கேன் எப்போதும் இருக்கும்.

ஸ்டார்ட் செய்து, முதலில் லோடு இல்லாமல் செக்கானூரணி வரை போய் வந்தோம், அப்புறம் பாதி லோடு, அதற்குப் பிறகுதான் கணவாய். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட்டோம். பழைய எஞ்சினுக்குள் என்ன அழுக்கு இருந்ததோ, முதல் ஆயில் அதைக் கழுவிக்கொண்டு வரும். பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்து, ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் ஏறியதும், அதன் நகலை இன்சூரன்ஸ் ஆபீசில் கொடுத்து பாலிசியிலும் மாற்றிக்கொண்டேன். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்து, பாலிசியில் ஒரு எஞ்சின் நம்பரும் வண்டியில் வேறொன்றும் இருந்தால், பணம் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பழைய எஞ்சினின் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பம்ப்பையும் விற்றதில் 9,000 வந்தது. வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. ஐடிலில் மட்டும் லேசாக ஒரு அதிர்வு, டேஷ்போர்டில் வைத்த பிள்ளையார் சதா தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். இடதுபக்க மவுண்ட் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்கிறான் மெக்கானிக் தம்பி. அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.